யப்பானிய மலர்க்கலையிற் சிற்பப் பண்பு

நுண்கலைகளை வகுத்துரைப்போர் கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, காவியம் என அவற்றை ஐந்தாகக் கூறுவர். மலரை அமைக்கும் தொழிலுக்கு இவ்வரிசையில் இடமில்லை. அது மனையை அழகுபடுத்தும் கைவேலை எனவும், ஓய்வுள்ள மகளிர்க்குரிய பொழுதுபோக்கு எனவும் கருதப்படுவதே பெரும்பான்மை. யப்பானியர் அவ்வாறு கருதினாரல்லர். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக அவர்கள் இத்தொழிலுக்கு இலக்கணம் வகுத்தும், நூல் இயற்றியும், ஆசிரிய பரம்பரை அமைத்தும் அதனை ஓர் உயர்கலையாகவே போற்றி வந்துள்ளனர். தொடக்கத்தில் இதனைப் பயின்றோர் துறவிகளும் பிரபுக்களும் போர்வீரருமாகிய ஆடவரே என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இக்கலையின் பெயர் இக்கெபானா. மலரை உயிரோடு நிறுத்துதல் என அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலையின் வரலாற்றிலே ஒரு பெருந்திருப்பம் நிகழ்ந்தது. மலரமைப்பும் ஒரு சிற்பமே என்று சொல்லத் துணிந்த சிலர் தோன்றினர். அவர்கள் கிளையோடும் பூவோடும் அமையாது வேரையும் கல்லையும் இரும்பையுங் கையாண்டனர். வீட்டு மாடத்தில் நின்ற மலரைக் காட்சி மண்டபத்தின் நடுவே கொணர்ந்து நிறுத்தினர். சிற்பமாகுங்கால் மலர்க்கலை எதனைப் பெற்றது, எதனை இழந்தது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது. பெற்றதைப் பலர் பாராட்டியுள்ளனர். இழந்ததைப் பற்றிப் பேசுவோர் குறைவாதலின் அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது.

இவ்வாராய்ச்சியிற் புகுமுன் தமிழ் வாசகர் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். நமது மரபில் மலர்க்கலை என்பது தொடுக்குங் கலை. கண்ணி, தார், கோதை, தெரியல், தொடையல் என அதற்கு நாம் வழங்குஞ் சொற்கள் பல. குறிஞ்சிப்பாட்டு ஒன்றே தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சுட்டி அடுக்குகின்றது. ஆயின், எதனைத் தொடுப்பதாயினும் நாம் முதலிற் செய்வது பூவைக் கொடியினின்றும் கிளையினின்றும் கொய்து பிரிப்பதே. தண்டும் கிளையும் நமக்கு வேண்டாதன. யப்பானியக் கலைஞனுக்கோ கிளையே உடம்பு. பூ அதன் ஓர் உறுப்பு. வெறும் பைன் கிளையினாலோ இலைகளினாலோ ஆக்கிய, பூவே இல்லாத அமைப்பினையும் அவன் மலர் என்றே வழங்குவான். நிறமும் மணமும் நமது மாலைக்கு உயிர். கோடும் வெளியும் அவனது அமைப்புக்கு உயிர். கோடும் வெளியும் முதன்மை பெறுங் கலை சிற்பத்துக்கு அயலில் நிற்பது இயல்பே.

இக்கலையின் மூலம் புத்தர் திருமுன் மலர் வைக்கும் வழிபாடு. இந்தியாவிற் பிறந்த அவ்வழக்கம் சீனம், கொரியா ஆகிய நாடுகளின் வழியே ஆறாம் நூற்றாண்டிற் பௌத்தத்தோடு யப்பானை அடைந்தது. கியோத்தோ நகரின் நடுவே ரொக்காக்குதோ என்னும் அறுகோணக் கோயிலொன்று உண்டு. அக்கோயிற் குருமார் வாழ்ந்த மனை ஒரு குளத்தருகே இருந்தமையால் இக்கெனோபோ, அதாவது குளக்கரைக் குடில், எனப் பெயர் பெற்றது. யப்பானின் மிகப் பழைய மலர்க்கலை மரபுக்கு இன்றும் அதுவே பெயர். அம்மரபில் வந்த சென்கெய் என்பவர் 1462ஆம் ஆண்டிலே பொற்கலமொன்றிற் பல பத்துக் கிளைகளை நாட்டி அமைத்த மலரைக் காண நகரத்து இரசிகர் போட்டியிட்டுத் திரண்டனர் என்று தோபுக்குஜி மடத்துத் துறவியொருவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். சிறு குறிப்பேயாயினும் அதன் உட்பொருள் பெரிது. திரண்டவர்கள் புத்தரை வணங்க வந்தாரல்லர். சென்கெய்யின் கைத்திறனைக் காண வந்தனர். படையற் பொருள் கலைப்பொருளாகிய நாள் அது எனலாம்.

இவ்வாறு வளர்ந்த பெருநெறிக்கு ரிக்கா என்று பெயர். நிறுத்திய மலர் என்பது பொருள். ரிக்காவுக்கு முதன்மை உறுப்புக்கள் ஏழு. பின்னர் அவை ஒன்பதாயின. நடுவே ஓங்குவது, அதனைத் தாங்கி நிற்பது, எதிர்முகமாகச் செல்வது, தாழ்ந்து ஓடுவது என ஒவ்வோர் உறுப்புக்கும் இடமும் பெயரும் உண்டு. முழு அமைப்பும் மேருமலையைக் குறிக்கும் என்பது மரபு. சிகரமும் அருவியும் குன்றும் பள்ளத்தாக்கும் அடிவாரத்து ஊரும் ஒரு வெண்கலக் கலத்தின் வாயினின்றும் எழுகின்றன. மேரு நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் அதனைக் கல்லிலே விமானமாக எழுப்பினர். அவர்கள் அதனைப் பைன் கிளையிலே நிறுத்தினர்; சில நாளிற் சாய்ந்துவிடும் மேரு அது!

அளவிலும் அக்காலத்தவர் சிறியதோடு அமைந்தாரல்லர். 1594இல் மாயெதா தொஷியியே என்னும் பிரபுவின் மாளிகைக்கு, நாட்டை அடிப்படுத்திய ஹிதெயோஷி விருந்தினராக வந்தபோது, இக்கெனோபோ மரபின் முதலாம் சென்கோ ஏறத்தாழ 7 மீற்றர் அகலமும் 3.5 மீற்றர் உயரமுமுடைய அமைப்பொன்றை எழுப்பினார். பின்னே தொங்கிய ஓவியச் சீலைகளில் வரைந்திருந்த இருபது குரங்குகளும் முன்னே நின்ற பைன் கிளைகளில் ஏறியமர்ந்திருப்பன போலத் தோன்றின என்பர். இக்காலத்து மலர்ச்சிற்பிகள் பேரளவைத் தமது கண்டுபிடிப்பெனப் பேசும்போதெல்லாம் இக்குரங்குகளை நினைத்துக்கொள்வது நன்று.

அங்ஙனமாயின் ரிக்காவைச் சிற்பம் என்று கூறிவிடலாமோ எனின், முழுவதும் கூறவியலாது. அதனை வைக்கும் இடத்தை நோக்குக. யப்பானிய மனையிலே தொக்கொனோமா என்னும் மாடமொன்று உண்டு. ஓவியச் சீலையும் மலரும் அதன்கண்ணே வைக்கப்படும். பின்னே சுவர், முன்னே பாயில் முழந்தாள் மடித்து அமர்ந்த விருந்தினன். மலரைச் சுற்றிவர வழியில்லை. சுற்றிவர வேண்டியதும் இல்லை. எல்லாக் கிளைகளும் அவ்வொருவனை நோக்கியே வளைந்துள்ளன. ஆழம் உண்டு, திரட்சி உண்டு, ஆயினும் முதுகு இல்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறையிலே செதுக்கிய உருவங்களைப் போல, இதனைப் புடைப்புச் சிற்பத்தோடு ஒப்பிடுவதே பொருந்தும். இருபதாம் நூற்றாண்டிலே நிகழ்ந்த மாற்றத்தின் ஒரு பாதி, மலரைச் சுவரினின்றும் பெயர்த்து அதற்கு ஒரு முதுகு கொடுத்ததேயாம்.

ரிக்காவின் பேராரவாரத்துக்கு எதிராக எழுந்தது தேநீர்ச் சடங்கின் மலர். சென் நோ ரிக்கியூ என்னும் தேநீர்க்கலை ஆசான் பற்றி வழங்குங் கதை பலரும் அறிந்தது. வைகறையில் மலர்ந்து வெயிலேற வாடும் அசகாவோ என்னும் கொடிப்பூ அவர் தோட்டத்தில் நிறைந்திருப்பதைக் கேள்வியுற்று ஹிதெயோஷி காண வந்தார். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை, அனைத்தும் வெட்டப்பட்டிருந்தன. சினத்தோடு தேநீர்க் குடிலினுள் நுழைந்தவர் அங்கே மாடத்தில் ஒரேயொரு பூவைக் கண்டார். இக்கதையை எளிமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். எனக்கோ இதிலே எளிமையினுங் கொடுமையே மிகுதியாகத் தோன்றுகின்றது. ஒன்றைக் காட்டுவதற்காக நூற்றை அழித்தல் சிற்பியின் செயல். கல்லிலே வேண்டாததை நீக்கி வேண்டியதை நிறுத்துவான் அவன். ரிக்கியூ ஒரு தோட்டம் முழுவதையும் அங்ஙனம் செதுக்கினார்.

இந்த நீக்குந் தொழிலே இக்கெபானாவின் அடிப்படைப் பயிற்சி என்பதை அதனைச் செய்வாரை அருகிருந்து நோக்குவோர் உடனே அறிவர். ஆசிரியர் கிளையொன்றை எடுத்து முதலில் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தண்டின் அடியை நீரினுள்ளே அமிழ்த்தி, நீருக்குள் வைத்தே கத்தரிப்பார். காற்றுப் புகாமல் தண்டு நீரை ஏற்றுக் கூடிய நாள் வாழும்பொருட்டு. பின்னர் இலைகளைக் களைவார். கமேலியாக் கிளையொன்றில் நெருங்கிக் கிடந்த இலைகளுட் சிலவே எஞ்சும். எஞ்சியவற்றுக்கிடையே, முன்பு இல்லாத ஒரு வெளி தோன்றும். மா என்று யப்பானியர் கூறும் இடைவெளி இதுவே. அதனை வெறுமை என்று மொழிபெயர்ப்பது தவறாகும்; அது செய்யப்பட்டதொரு பொருள். பின்பு இரு கைப் பெருவிரல்களையுஞ் சேர்த்து அழுத்திக் கிளையை முறியாமல் வளைப்பார். நார் நெகிழும் ஒலியைக் கேட்டு எங்கே நிறுத்துவது என அறிதல் நீண்ட பயிற்சியாலன்றி வாராது. உளியும் சுத்தியும் இல்லையென்பதொழிய, இது சிற்பியின் தொழிலுக்கு எட்டிய தூரத்திலே இல்லை.

மாடத்தினின்றும் மலரை வெளியேற்றியவர் ஓஹாரா உன்ஷின் (1861–1916). இவர் இளமையிற் சிற்பக்கலை பயின்றவர் என்பது தற்செயலாகாது. மெய்ஜிக் காலத்திலே மேலைநாட்டு மனைகளும் மேசைகளும் யப்பானிற் புகுந்தன. குறுந்தண்டும் பெருநிறமுமுடைய மேலைநாட்டுப் பூக்களும் வந்தன. பழைய நெடுங்கலங்களில் அவை பொருந்தவில்லை. உன்ஷின் அகன்ற தட்டையான கலங்களைக் கொண்டு மொரிபானா என்னும் புதுநெறியை வகுத்தார். குவித்த மலர் என்பது அதன் பொருள். கிளைகள் கலத்தின் வாயிலே ஒரு புள்ளியினின்றும் எழவேண்டும் என்ற பழைய விதி இதனால் நெகிழ்ந்தது. அவை நிலப்பரப்பிலே போலப் பரந்து நின்றன. இதற்குத் துணையாயது கென்சான் என்னுஞ் சிறு கருவி. கனத்த ஈயத்தட்டொன்றில் நெருக்கமாக ஊசிகள் நாட்டப்பட்டிருக்கும். அதன்மேற் கிளையை எந்தச் சாய்விலும் குத்தி நிறுத்தலாம். ஒரு கருவி கலையொன்றின் போக்கை மாற்றியமைக்கு இதனினும் நல்ல சான்று கிடைத்தல் அரிது.

இனி, மலர்ச்சிற்பம் என்றவுடன் எவர் பெயரும் முன்னே வருமோ அவரிடம் வருவோம். தெஷிகஹாரா சோபூ 1900இல் மலர்க்கலை ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் நெறியோடு முரணிப் பிரிந்து 1927இல் சோகெற்சு என்னும் தமது பள்ளியைத் தோற்றுவித்தார். புல்லும் திங்களும் என்பது அப்பெயரின் பொருள். எவரும், எவ்விடத்தும், எக்காலத்தும், எப்பொருள் கொண்டும் மலரமைக்கலாம் என்பது அப்பள்ளியின் கொள்கை.

இக்கொள்கையைக் கேட்டு, சோபூ இலக்கணத்தை ஒழித்தவர் என எண்ணுதல் கூடாது. அவருடைய பள்ளியிலே தொடக்க மாணவன் அளவுகோலோடுதான் தொழில் தொடங்குகின்றான். ஷின், சோயே, ஹிக்காயே என முதன்மைத் தண்டுகள் மூன்று. கலத்தின் உயரத்தையும் விட்டத்தையுங் கூட்டி வருந்தொகையில் ஒன்றரை மடங்கு ஷின்னின் நீளம். அதில் முக்காற் பங்கு சோயே. சோயேயில் முக்காற் பங்கு ஹிக்காயே. நிமிர்ந்த அடிப்படை அமைப்பிலே செங்குத்தினின்றும் முறையே 15, 45, 75 பாகை சாய்ந்து அவை நிற்கும். இம்மூன்று முனைகளையும் மனத்தால் இணைத்தால் ஒருபோதும் ஒத்த பக்கமில்லாத முக்கோணமொன்று காற்றிலே தோன்றும். அதுவும் தாளில் வரைந்த முக்கோணம் போலத் தட்டையாக இராது, முன்னும் பின்னும் சாய்ந்திருக்கும். வெளியைக் கோணங்களால் அளந்து பிடிக்கும் இப்பயிற்சி ஒரு சிற்பப் பள்ளியின் முதற்பாடமாக இருக்கத் தக்கது.

கொள்கைப் போரும் அக்காலத்தே மூண்டது. 1930இல் ஷிகெமொரி மிரெய் என்னும் அறிஞர் புதிய இக்கெபானாப் பிரகடனம் ஒன்றை வரைந்தார். சோபூவும் அவ்வட்டத்தைச் சேர்ந்தவர். பழமையேக்கத்தையும், நிலைத்த வடிவங்களையும், மலருக்கு அறநெறி கற்பிப்பதையும், தாவரம் வளரும் முறைக்குக் கட்டுப்படுவதையும் அது ஒருங்கே மறுத்தது. தாவரம் ஒரு கருப்பொருள் மட்டுமே. அமைப்போனின் கருத்தே தலைமை என்பது அதன் சாரம். இவ்வளவு புரட்சி பேசிய ஷிகெமொரி பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்றது தோட்டக் கலைஞராகவே. 1939இல் அவர் தோபுக்குஜி மடத்திலே அமைத்த கல்லும் பாசியுமாகிய தோட்டங்களை இன்றுங் காணலாம். சென்கெய்யின் பொற்கலத்தைப் பற்றி எழுதிய துறவி வாழ்ந்த அதே மடம் அது.

பிரகடனத்தை நிறைவேற்றியது ஒருவகையிற் போரே என்று கூறல் வேண்டும். 1945இலே தோக்கியோ நகரம் எரிந்து சாம்பலாய்க் கிடந்தது. பூக்கடை ஏது? கலம் ஏது? கிடைத்தவை வளைந்த இரும்பும் கருகிய மரமும் வேர்க்கட்டைகளுமே. சோபூ அவற்றைக் கையிலெடுத்தார். அமெரிக்கப் படை அதிகாரிகளின் மனைவியர் அவரிடம் மலர்க்கலை கற்க வந்தனர். அவர்கள் வாயிலாக அவர் பெயர் கடல் கடந்தது. 1950க்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவருடைய படைப்புக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1957இல் யப்பானுக்கு வந்த பிரெஞ்சு விமரிசகர் மிசேல் தப்பியே அவரைச் சமகாலச் சிற்பிகளின் வரிசையிலேயே வைத்துப் போற்றினார். பத்திரிகைகள் அவரை மலர்களின் பிக்காசோ என அழைத்தன. இத்தகைய பட்டங்கள் கலைஞனைப் பற்றி ஒன்றும் உரைப்பதில்லை. பட்டமளித்தோர் எதனை அறிவர் என்பதையே உரைக்கும்.

சோபூவின் முதிர்ந்த காலப் படைப்புக்கள் மூவகைப்படும். பூவும் கிளையும் கொண்டு, ஆயினும் பழைய உறுப்பிலக்கணமின்றி, பெருந்திரளாக எழுப்பியவை ஒருவகை. பட்ட மரத்தின் வேரும் அடியும் நடுவே நிற்க, பச்சைக் கிளைகள் அதனை ஊடறுத்துச் செல்லுமாறு அமைத்தவை ஒருவகை. தாவரத்தை முற்றாகத் துறந்து இரும்பாலாக்கியவையும், மரக்கட்டைகளை உலோகத் தகட்டாற் போர்த்தியவையும் மூன்றாம் வகை. முதலிரு வகைகளிலே அவர் ஒப்பற்றவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவது வகை சிறப்பாக நோக்கத்தக்கது. இறந்த வேரின் கனமும் இளங்கிளையின் மென்மையும் எதிரெதிரே நிற்கின்றன. வேர் அசையாது. கிளையோ நாளுக்கு நாள் தளர்ந்து வளைகின்றது. முதல் நாள் வேரை வென்று நின்ற கிளை நான்காம் நாள் அதன்மேற் சாய்ந்து கிடக்கும். வேறெந்தச் சிற்பியின் கைக்கும் எட்டாத நாடகம் இது. கல்லிலும் வெண்கலத்திலும் இதனைச் செய்ய இயலாது.

மூன்றாம் வகையைப் பற்றி அங்ஙனம் கூறுதற்கில்லை. தகடு போர்த்த கட்டைகள் கம்பீரமானவை. அவற்றை வியவாதிருத்தல் அரிது. ஆயினும் வியப்போடு ஒரு வினாவும் எழுகின்றது. இவற்றை இக்கெபானா என்று ஏன் அழைத்தல் வேண்டும்? ஆக்கியோன் மலர்க்கலை ஆசான் என்பது விடையாகாது. வெளியைக் கையாளும் முறை மலர்க்கலையினின்றும் வந்தது என்பர் அவரை ஆதரிப்போர். அது மெய்யே. ஆனால் வெளியை மட்டும் கொண்டு நோக்கினால் இக்கெபானா சிற்பத்தின் ஒரு சிறு கிளையாகவே முடியும். இரும்பைப் பொருத்தும் ஐரோப்பியச் சிற்பிகள் பலர் அத்துறையிற் சோபூவுக்கு முன்னரே நெடுந்தூரம் சென்றுவிட்டனர். இக்கெபானாவுக்கு மட்டுமே உரிய கருப்பொருள் ஒன்று உண்டு. அது காலம். நீரிலே வெட்டிய தண்டு, எண்ணப்பட்ட நாட்களோடு கலத்திலே ஏறுகின்றது. கிளையில் ஒன்று மலர்ந்தும், ஒன்று அரும்பியும், ஒன்று முகைக்குள்ளும் இருக்குமாறு தேர்ந்தெடுக்கும் பழைய ஆசிரியன் இன்றைக்கு மட்டும் அமைத்தானல்லன். நாளைக்கும் மறுநாளைக்குஞ் சேர்த்தே அமைத்தான். சோபூவின் தகடுகளுக்கு நாளை என்பது இல்லை. வாடாமை என்னும் வரத்தைப் பெற்ற அதே கணத்தில் அவை மலர்க்கலையின் எல்லையைக் கடந்து விட்டன.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. சோபூவின் மலர்கள் வாடிப்போயின, நிழற்படங்களே எஞ்சின. இரும்பும் தகடும் காட்சிச்சாலைகளில் நிலைத்துள்ளன. ஆகவே பிற்காலத்தார் அவரை மதிப்பிடுங்கால், கண்முன் நிற்பவற்றைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். ஒரு மலர்க்கலைஞனை அவன் படைப்புக்களுள் மலரல்லாதவற்றைக் கொண்டு அளக்கும் நிலை வேறெங்கும் காணற்கரியது.

குருபீடம் பற்றியும் ஒன்று கூறிச் செல்லல் தகும். யப்பானியக் கலைகள் பலவற்றிலும் இயெமோத்தோ என்னும் தலைவர் ஒருவர் உண்டு. உரிமை குடும்ப வழியே இறங்கும். படிப்படியாகச் சான்றிதழ் வழங்கப்படும். ஒவ்வொரு படிக்கும் மாணாக்கர் கட்டணம் செலுத்துவர். மரபை எதிர்த்து எழுந்த சோபூ தாமும் ஓர் இயெமோத்தோவானார். 1979இல் அவர் மறைந்தபின் மகள் கசுமியும், 1980இல் கசுமியும் மறைய மகன் ஹிரோஷியும், 2001இல் ஹிரோஷி மறைந்தபின் அவர் மகள் அக்கானேயும் அப்பீடத்தில் அமர்ந்தனர். உலர்ந்த பொருளாலும் நிறந்தீட்டிய பொருளாலும் தாவரமல்லாத பொருளாலும் அமைப்பது பள்ளியின் பாடத்திட்டத்திலே தனித்தனிப் பாடங்களாயின. சாம்பல் மேட்டிலே வேறொன்றுங் கிடையாமையாற் பிறந்த துணிவு, கடையிலே பூ நிறைந்த காலத்தில் இத்தனையாம் பாடம் என எண்ணிடப்பட்டமை நோக்கத்தக்கது. எனினும் இம்முறையை முற்றாகப் பழித்தலும் நேர்மையன்று. இப்பீடங்கள் இல்லையேல் சென்கெய்யின் பெயரே நம்மை எட்டியிராது.

ஹிரோஷி குருபீடத்துக்கு விரும்பி வந்தவரல்லர். அவர் திரைப்பட இயக்குநர். மணற்குழியில் அகப்பட்ட மனிதனைப் பற்றி 1964இல் அவர் எடுத்த திரைப்படம் உலகப் புகழ் பெற்றது. அதற்கு முன்னரே, 1956இல், இக்கெபானா என்ற பெயரிலேயே ஒரு குறும்படம் எடுத்துத் தந்தையின் தொழிற்களத்தைக் காட்டினார். பீடமேறிய பின் அவர் பற்றியது மூங்கிலை. பச்சை மூங்கிலை நெடுகப் பிளந்து, வளைத்து, மக்கள் உள்ளே நடந்து செல்லத்தக்க குகைவழிகளாக அமைத்தார். சோபூ மலருக்கு முதுகு கொடுத்தார். ஹிரோஷி அதற்கு வயிறு கொடுத்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். காண்போன் சுற்றி வருவதை விட்டு உள்ளேயே புகுந்துவிட்டான். தந்தையின் தகடுகளினும் இம்மூங்கிற் குகைகள் மலர்க்கலைக்கு அண்மையில் நிற்கின்றன என்பது என் துணிபு. அளவால் அவை கட்டடங்களை நிகர்ப்பினும் பச்சை மஞ்சளாகும்; காட்சி முடிந்ததும் பிரிக்கப்படும். முதலாம் சென்கோ அவற்றைத் தம்மவை என்று இனங்கண்டிருப்பார்.

ஆயினும் சிற்பம், மலர் என்னும் இரண்டில் ஒன்றையும் விட்டுக்கொடாது நின்றவர் பீடங்களுக்குப் புறத்தேயிருந்த ஒருவர். நக்காகவா யுக்கியோ (1918–2012) மருகமே என்னும் ஊரினர். குழந்தைப் பருவத்தில் முதுகெலும்பு நோயுற்று அதன் வடுவை வாழ்நாள் முழுவதும் தாங்கியவர். இக்கெனோபோ மரபிலே பயின்று, ஷிகெமொரியின் கவனத்தைப் பெற்று, 1951இல் அம்மரபினின்றும் விலகினார். பின்னர் எந்தப் பள்ளியிலுஞ் சேர்ந்தாருமல்லர். தாமாக ஒரு பள்ளி தொடங்கினாருமல்லர். மாணவர் கட்டணத்தால் வாழாத மலர்க்கலைஞன் யப்பானில் வறியவனாகவே வாழ்வான். அவரும் அங்ஙனமே வாழ்ந்தார். தம் படைப்புக்களைத் தாமே நிழற்படம் பிடித்தார்.

1973இல் அவர் ஆக்கிய ஹானாபோசு என்பது இத்துறையிலே தலையாய படைப்பு எனக் கருதுகின்றேன். பெயரை மலர்ப்பிக்கு என மொழிபெயர்க்கலாம். ஏறத்தாழ 900 செந்நிறக் கார்னேசன் பூக்களின் இதழ்களைக் கழற்றி, தாம் செய்த கண்ணாடிக் கலமொன்றினுள் நெருக்கித் திணித்தார். பல நாள் அங்ஙனமே அழுக விட்டு, விரித்த வெள்ளைத் தாளின்மேற் கலத்தைக் கவிழ்த்து வைத்தார். இதழ்களின் சாறு கலத்தின் வாயினின்றும் கசிந்து தாளிலே குருதிபோற் பரந்தது. படத்திலே நாம் காண்பது இவ்வளவே: பருத்த, பளபளக்கும் ஒரு கண்ணாடி உருவம்; அதன் அடியிலே பரவும் செம்மை.

முதன்முறை நோக்குவோர்க்கு அருவருப்பு உண்டாதல் கூடும். அதனை மறுத்தற்கில்லை. ஆனால் முன் கூறியவற்றோடு வைத்து நோக்குக. கிளை இல்லை, கோடு இல்லை, இடைவெளி இல்லை. ரிக்கியூ நூற்றை அழித்து ஒன்றை நிறுத்தினாரெனின் இவர் தொள்ளாயிரத்தை ஒன்றாக அழுத்தினார். திரட்சியே வடிவாக நிற்பதால் இது முற்றிலும் சிற்பம். சோபூவின் எந்த இரும்பினுங் கனமானது. அதே வேளையில் இதன் தொழிலனைத்தையும் செய்வது பூவின் அழிவே. கலைஞன் கலத்தைக் கவிழ்த்ததோடு கையெடுத்துக்கொண்டான். பின்பு தாளிலே படர்ந்த கோட்டை வரைந்தது அழுகிய இதழ். அலங்காரத்துக்காக வாடுதலை மறைக்கும் கலையும், வாடாமைக்காக மலரையே துறந்த கலையும் ஆகிய இரண்டும் தவறவிட்டதை இது கைப்பற்றியது. வெள்ளைத் தாளிலே செந்நிறம் படரும் விளிம்பை நுணுகி நோக்கின், பழைய ஆசிரியர்கள் இலை களைந்து ஆக்கிய வெளி அங்கே இருப்பதையுங் காணலாம். அது மறையவில்லை, கலத்தினின்றும் தாளுக்கு இடம் பெயர்ந்துள்ளது.

2002ஆம் ஆண்டு மே மாதத்திலே, தமது எண்பத்து மூன்றாம் வயதில், நக்காகவா நீகத்தா மாகாணத்துத் தொக்காமாச்சி என்னும் ஊரின் ஆற்றங்கரையில் மற்றொரு படைப்பை நிகழ்த்தினார். துலிப் மலரின் இதழ்கள் இலட்சக்கணக்காகச் சேர்க்கப்பட்டு, உலங்குவானூர்தியொன்றினின்றும் வானத்தே தூவப்பட்டன. கீழே, தொண்ணூற்றைந்து வயதினரான நடனக் கலைஞர் ஓனோ கசுவோ இதழ் மழையினிடையே ஆடினார். தூவிய மலர் என்பதே பௌத்த வழிபாட்டில் மிகப் பழைய மலர்க்காணிக்கை. கலமும் தண்டும் முட்தட்டும் இன்றி அது மீண்டும் வந்தது. இதனை மலரமைப்பு என்று சொல்லலாமோ என்று அன்று பலர் வினவியிருத்தல் கூடும். அமைப்பு என்னுஞ் சொல்லுக்கு நிலைத்து நிற்றல் என்று பொருள் கொண்டால் இஃது அமைப்பாகாது. வானத்தினின்றும் தரைக்கு வருமட்டும் ஒவ்வோர் இதழும் வெளியிலே தனக்கென ஓரிடத்தைப் பற்றி நின்றது. அவ்விடம் கணந்தோறும் மாறியது.